ஆஸ்டர்டோர்ப்: பெயரில் ஊர், சுற்றிலும் மதில்

ஆம்ஸ்டர்டாம் நகரின் வடபகுதியில், ஆஸ்டர்வெக் என்ற தெருவில், ஒரு பழைய வாயில் கட்டடம் தனியே நிற்கிறது. கோட்டை இல்லை, கோயில் இல்லை, அரண்மனையும் இல்லை. வாயில் மட்டும் இருக்கிறது. ஒரு காலத்தில் இதற்குப் பின்னால் 132 சிறிய வீடுகள் இருந்தன. சுற்றிலும் மதில். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இந்த ஒரே வழிதான். 1927இல் நகராட்சியே கட்டிய குடியிருப்பு இது. பெயர் ஆஸ்டர்டோர்ப். ஆஸ்டர் என்பது பூவின் பெயர். டோர்ப் என்றால் டச்சு மொழியில் ஊர். பெயரில் ஊர் என்று வைத்தார்கள், கட்டியது என்னவோ சேரியை.

இங்கே குடிவைக்கப்பட்டவர்களுக்கு நகராட்சி ஆவணங்களில் ஒரு பெயர் இருந்தது. தமிழில் சொன்னால் 'சேர்த்துக்கொள்ளத் தகாதவர்கள்'. தெருவில் யாரோ கோபத்தில் வீசிய வசைச்சொல் அல்ல இது. அலுவலகத்தில், கோப்பில், படிவத்தில் எழுதப்பட்ட நிர்வாகச் சொல். ஒரு குடும்பம் தகுந்ததா தகாததா என்று முடிவு செய்ய அதிகாரிகள் இருந்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் அந்த வேலையைச் செய்தார்கள்.

குடியிருப்புக் கொள்கை பற்றிப் பேசும் கூட்டங்களில் நெதர்லாந்தைப் பாராட்டாதவர்கள் குறைவு. பாராட்டத் தகுந்ததுதான். அந்த நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு, லாப நோக்கில்லாத வீட்டுவசதிச் சங்கங்களின் வாடகை வீடுகள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இது மிக உயர்ந்த விகிதம். ஏழைக்கும் தொழிலாளிக்கும் வெளிச்சமும் காற்றும் உள்ள வீடு வேண்டும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே சட்டம் போட்ட நாடு அது. அந்தப் பெருமையை மறுக்க இதை எழுதவில்லை. அந்தப் பெருமையின் நடுவில்தான் இந்த வாயிலும் நிற்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். வீட்டை உரிமையாகக் கொடுக்காமல் நன்னடத்தைக்குப் பரிசாகக் கொடுத்தால், யாராவது ஒருவர் மதிலுக்குப் பின்னால் போய்த்தான் ஆகவேண்டும்.

கதையை முதலிலிருந்து பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஆம்ஸ்டர்டாமின் மக்கள்தொகை இரு மடங்குக்கும் மேல் பெருகியது. வேலை தேடி வந்தவர்கள் யோர்டான் பகுதியிலும் யூதர் குடியிருப்புகளிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தெருவுக்குக் கீழே ஈரம் கசியும் நிலவறை, கொல்லைப்புறத்தில் வெளிச்சமே எட்டாத அறை, அந்த ஒற்றை அறைக்குள் ஒரு முழுக் குடும்பம். பல பகுதிகளில் கழிப்பறை என்பது ஒரு வாளிதான். அந்த வாளிகளைச் சேகரிக்க வண்டி வரும். ஒரு பிரபலமான வாசனைத் தைலக் கம்பெனியின் பெயரை அந்த வண்டிக்குக் கேலியாக வைத்திருந்தார்கள் நகர மக்கள். மலம் அள்ளும் வண்டிக்கு வாசனைப் பெயர் வைத்துச் சிரிக்கும் சமூகத்தைப் புரிந்துகொள்ள நமக்கு அதிக விளக்கம் தேவையில்லை.

காலராவும் காசநோயும் பரவியபோது மருத்துவர்களும் சீர்திருத்தவாதிகளும் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். தொழிலாளர் இயக்கமும் வளர்ந்தது. 1901இல் வீட்டுவசதிச் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கட்டட விதிகளை வகுக்கும் கடமை நகராட்சிகளுக்கு வந்தது. வாழத் தகுதியற்ற வீடு என்று அறிவித்து மூடும் அதிகாரமும் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரமும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, லாபம் பார்க்காமல் வீடு கட்டும் சங்கங்களுக்கு அரசுக் கடன் கிடைத்தது. தொழிலாளர்கள் தாங்களே சங்கம் அமைத்து வீடு கட்டிக்கொள்ளும் பாதை இப்படித்தான் திறந்தது.

ஆம்ஸ்டர்டாமில் அந்தப் பாதையை அகலப்படுத்தியவர்கள் சமூக ஜனநாயகவாதிகள். நகராட்சி மன்றத்தில் வீட்டுவசதிக்குப் பொறுப்பாக இருந்த ஃப்ளோர் விபௌட் ஒரு மர வியாபாரி. அதே சமயம் உறுதியான சோசலிஸ்ட். டச்சு மொழியில் 'வீ பௌட்' என்றால் 'யார் கட்டுகிறார்' என்று பொருள். 'வீ பௌட்? விபௌட்!' என்று மக்கள் அவர் பெயரையே முழக்கமாக்கினார்கள். 1915இல் வீட்டுவசதித் துறையின் இயக்குநராக வந்த பொறியாளர் ஆரி கெப்ளரும் அதே முகாமைச் சேர்ந்தவர். இவர்கள் காலத்தில் எழுந்த குடியிருப்புகளைப் பார்க்க இன்றும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மிஷல் டி கிளெர்க் வடிவமைத்த 'கப்பல்' என்ற கட்டடம் 1921இல் முடிந்தது. தொழிலாளிக்கும் அழகு வேண்டும் என்று செங்கல்லால் சொன்ன கட்டடம் அது. நகரின் வடக்கே தோட்டங்களோடு கூடிய தொழிலாளர் குடியிருப்புகளும் அப்போதுதான் வந்தன.

அந்த வீடுகளுக்குள் யார் போனார்கள்? நிலையான கூலி உள்ளவர்கள், தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், நகராட்சி ஊழியர்கள், தேர்ந்த கைவினைஞர்கள். வாரந்தோறும் தவறாமல் வாடகை கட்டக்கூடியவர்கள். குடிசைகள் இடிக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்ட மிக ஏழைகள், தினக்கூலிகள், தெரு வியாபாரிகள், நோயாளிகள், கணவன் விட்டுப்போன பெண்கள் ஆகியோரில் பலரால் அந்த வாடகையைக் கட்ட முடியவில்லை. கட்ட முடிந்தவர்களையும், 'பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை' என்று சொல்லிச் சங்கங்கள் தயங்கின. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே மேல் கீழ் என்று படி வைப்பதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று நமக்குப் பெயரிட்டுக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். முதலாளிக்குக் கீழே தொழிலாளி. அந்தத் தொழிலாளிக்குக் கீழே 'தகாத' தொழிலாளி. தனக்குக் கிடைத்த புது வீட்டின் மரியாதை போய்விடுமோ என்று அஞ்சியவர் அதே வகுப்பைச் சேர்ந்த அண்டை வீட்டுக்காரர்தான்.

இந்தப் பிரித்தெடுக்கும் வேலைக்கு ஒரு தொழிலும் உருவாகியிருந்தது. லண்டனில் ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி ஏழைகளின் வீடுகளை நிர்வகித்த முறையைப் பார்த்து, யோஹானா டெர் மியூலன் அதை நெதர்லாந்துக்குக் கொண்டுவந்தார். பெண் மேற்பார்வையாளர் வாரம்தோறும் வீட்டுக்கு வருவார். வாடகையை வாங்குவார், விசாரிப்பார், ஆலோசனை சொல்வார். நோய்வாய்ப்பட்ட குழந்தையைக் கவனித்து உதவியும் செய்வார். படித்த பெண்களுக்கு இது ஒரு புதிய வேலைவாய்ப்பு. இன்றைய சமூகப்பணியின் தாய்வேர்களில் ஒன்று என்றும் சொல்லலாம். வாடகை வாங்க வந்த அதே கண்கள் படுக்கை விரிப்பையும் பார்த்தன, அடுப்பையும் பார்த்தன, வீட்டில் யார் யாரோடு படுக்கிறார்கள் என்பதையும் பார்த்தன. பார்த்ததை எழுதியும் வைத்தன. அறிக்கைகளிலிருந்து வகைப்பாடு பிறந்தது. வகைப்பாட்டிலிருந்து மதில் பிறந்தது.

ஹேக் நகரில் 1923இல் ஸோமர்ஹோஃப் என்ற குடியிருப்பு இத்தகைய குடும்பங்களுக்காக வந்தது. ஆம்ஸ்டர்டாமின் கிழக்கில் 1926இல் ஸேபுர்கர்டோர்ப், வடக்கில் 1927இல் ஆஸ்டர்டோர்ப். இவற்றைக் 'குடியிருப்புப் பள்ளி' என்று அழைத்தார்கள். பள்ளி என்றால் பாடம் என்ன? எப்படி வீட்டில் வாழ்வது என்பதுதான். வளர்ந்தவர்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு வளைந்தவர்கள் அங்கே மாணவர்கள். தேர்ச்சி பெற்றால் சாதாரண வீடு கிடைக்கும். தேர்ச்சி கொடுப்பது மேற்பார்வையாளர்.

இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் கவனிக்க வேண்டும். வடபகுதி, 'ஐ' என்ற அகன்ற நீர்நிலைக்கு அக்கரையில் இருக்கிறது. நீருக்கடியில் வாகனச் சுரங்கப்பாதை வந்தது 1968இல்தான். அதுவரை பெரும்பாலும் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டு வரை, தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களை நகரம் காட்சிக்குத் தொங்கவிட்டதும் அதே அக்கரையில்தான். பிறகு அங்கே தொழிற்சாலைகள் வந்தன. அவற்றின் நடுவே ஆஸ்டர்டோர்ப் எழுந்தது. எந்த நகரமும் தன் கண்ணில் படக்கூடாதவற்றை எந்தத் திசையில் வைக்கிறது என்பதைப் பார்த்தாலே அதன் மனம் தெரிந்துவிடும்.

மதில் எதற்கு என்று கேட்டால் அதிகாரிகளிடம் பதில் இருந்தது. ஒழுங்குக்கு, கண்காணிப்புக்கு. உள்ளே இருந்தவர்களுக்கு அது வேறொன்றைச் சொன்னது. ஆஸ்டர்டோர்ப் முகவரி நெற்றியில் ஒட்டிய சீட்டு போல ஆனது. திருத்துவதற்காகக் கட்டிய இடம், அங்கே வாழ்ந்தவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவரை மேலும் சந்தேகத்துக்குரியவர் ஆக்கியது. நெருக்கடியான அறையிலேயே கிடந்தாலும் கிடப்போம், அந்த மதிலுக்குள் போகமாட்டோம் என்று மறுத்த குடும்பங்கள் இருந்தன. வீட்டுப் பஞ்சம் நிலவிய நகரத்தில் ஆஸ்டர்டோர்ப்பில் வீடுகள் காலியாகக் கிடந்தன. ஏழைகள் அந்தத் திட்டத்துக்கு அளித்த தீர்ப்பாகவே இதைப் பார்க்கிறேன். ஏழைக்கு வீடு மட்டும் போதும், மரியாதை எதற்கு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் காலி வீடுகள்தான் பதில்.

அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள் என்ன? வாடகை பாக்கி, அழுக்கு, குடி, சண்டை, 'ஒழுக்கக்கேடு'. வாடகை பாக்கி என்பது கூலி இல்லாததன் இன்னொரு பெயர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழப்பு ஊரெங்கும் இருந்தது. எட்டுப் பேர் ஓர் அறையில் வாழ்ந்தால் அழுக்கும் சண்டையும் வராமல் என்ன வரும்? வீடு உண்டாக்கிய விளைவை மனிதரின் குணமாக எழுதிவைத்தார்கள். குணமாக எழுதிய பிறகு, அந்தக் குணத்தைக் காட்டியே வீட்டை மறுத்தார்கள். சமூகவியல் படித்தவர்களுக்கு இந்தச் சுழல் பழக்கமானது. அனுபவித்தவர்களுக்கு அதைவிடப் பழக்கமானது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆஸ்டர்டோர்ப் சாதி அல்ல. அங்கிருந்தவர்கள் பிறப்பால் குறிக்கப்பட்டு உள்ளே வைக்கப்பட்டவர்கள் அல்லர். சட்டப்படி வெளியே போக வழி இருந்தது, பலர் போனார்கள். அவர்கள் பிள்ளைகளின் பிள்ளைகளை இன்று யாரும் அந்தப் பெயரால் அடையாளம் காண முடியாது. சாதி தரும் தண்டனைக்குக் காலவரை இல்லை. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு எல்லா மதிலும் ஒன்றுதான் என்று எழுதினால் இரண்டு பக்கமும் அநீதி. ஆனாலும் ஒரு விஷயம் பொதுவானது. மதிலைக் கட்டியவர்கள் எவரும் வெறுப்பினால் கட்டினோம் என்று சொன்னதில்லை. சுத்தம், ஒழுங்கு, அமைதி, முன்னேற்றம் என்ற சொற்களால்தான் மதில்கள் கட்டப்படுகின்றன.

கட்டிய மதிலை நாளை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது கட்டியவர் கையில் இல்லை. 1940 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் ரோட்டர்டாமைக் குண்டு வீசி எரித்தன. வீடிழந்து வந்தவர்களில் சிலரை ஆஸ்டர்டோர்ப்பில் தங்கவைத்தார்கள். அதோடு 'குடியிருப்புப் பள்ளி' முடிவுக்கு வந்தது. 1942இல் ஆக்கிரமிப்பு ஆட்சி அங்கே யூதக் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தது. அங்கிருந்து அவர்களின் பாதை வெஸ்டர்போர்க் முகாமுக்கும், அதற்கப்பால் கிழக்கே கொலை முகாம்களுக்கும் போனது. விபௌட்டும் கெப்ளரும் இப்படி ஒரு நாளைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒரே வாயிலும் சுற்றுமதிலும் ஏற்கெனவே தயாராக இருந்தன. ஆட்களை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

வீடுகள் 1950களில் இடிக்கப்பட்டன. வாயில் தப்பியது. 2016இல் ஸ்டெஃபான் ஸ்டைன்மெட்ஸ் இந்தக் குடியிருப்பின் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். அதன் துணைத்தலைப்பில் இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்தார்: உயர்த்துதல், இழிவுபடுத்துதல். உயர்த்துகிறோம் என்று சொல்லிக்கொண்டே இழிவுபடுத்த முடியும் என்பது அந்த இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

வீடுகள் போனாலும் எண்ணம் போகவில்லை. போருக்குப் பின் ட்ரெந்தெ, ஓவரைசல் மாகாணங்களில் 'சமூகத்தோடு ஒட்டாத' குடும்பங்களுக்கு முகாம்கள் நடந்தன. அத்தகைய குடும்பங்களைத் திருத்துவது அரசின் கொள்கையாகவே 1950களில் தொடர்ந்தது. இதை உள்ளிருந்து கேள்வி கேட்டவர்களில் ஒருவர் சமூகவியலாளர் ஹெர்மன் மிலிகோவ்ஸ்கி. 1961இல் தன் முனைவர் பட்ட ஆய்வில், ஒட்டாதவர்கள் என்று முத்திரை குத்துவதையே விமர்சித்தார். அந்த நூல் பின்னர் 'ஒட்டாமையின் புகழ்' என்ற பொருள்படும் தலைப்பில் பலராலும் படிக்கப்பட்டது. திருந்த வேண்டியது குடும்பமா, குடும்பத்தை அளக்கும் கோலா என்று கேள்வி திரும்பியது.

கேள்வி திரும்பிய அதே காலத்தில் புதிய 'தகாதவர்கள்' வந்துகொண்டிருந்தார்கள். 1972 ஆகஸ்டில் ரோட்டர்டாமின் ஆஃப்ரிகாண்டர்வெய்க் பகுதியில், துருக்கியத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதிகள் தாக்கப்பட்டன. அவர்களின் கட்டில்களும் பெட்டிகளும் தெருவில் எறியப்பட்டன. தாக்கியவர்களும் ஏழைகள்தாம். வீட்டுப் பஞ்சத்தின் கோபம் அரசின்மேல் போகாமல் அடுத்த வீட்டுக்காரன்மேல் போனது. நகராட்சி என்ன செய்தது? ஒரு பகுதியில் இத்தகைய குடியேறிகள் 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு போட முனைந்தது. அந்த விதி 1974இல் மேலிருந்து ரத்தானது.

அதே 1974இல் ஆம்ஸ்டர்டாமின் தென்கிழக்கில், பெய்ல்மர்மேர் என்ற புதிய குடியிருப்பில் வேறொரு காட்சி. 1968இல் முதல் குடும்பங்கள் குடியேறிய, தேன்கூடு வடிவில் வரிசையாக நின்ற உயர்மாடிக் கட்டடங்கள் அவை. நடுத்தர வகுப்பு எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பல வீடுகள் காலியாகக் கிடந்தன. டச்சுக் காலனியாக இருந்த சூரினாம் 1975 நவம்பரில் விடுதலை பெற்றது. அதையொட்டிய ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் அங்கிருந்து நெதர்லாந்துக்கு வந்தார்கள். 1863இல்தான் சட்டப்படி விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள், 1873 முதல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், ஜாவாக்காரர்கள் எல்லோரும் அவர்களில் உண்டு. வீடு கேட்டால் ஒதுக்கீட்டு வரம்பு குறுக்கே நின்றது. கறுப்பர்கள் ஒரே இடத்தில் 'குவிந்துவிடக்கூடாது', நகரெங்கும் சிதறி வாழவேண்டும் என்பது கொள்கை. சூரினாம் குடும்பங்கள் க்ளிப்ஹூவெ என்ற கட்டடத்தில் காலியாகக் கிடந்த வீடுகளுக்குள் தாங்களே புகுந்து குடியேறினார்கள். ஒதுக்கியும் வைப்போம், ஒன்றுசேரவும் விடமாட்டோம் என்ற இரட்டை நிலைக்கு அவர்கள் கொடுத்த பதில் அது.

1992 அக்டோபர் 4 அன்று மாலை, ஒரு சரக்கு விமானம் அதே பெய்ல்மர்மேரின் இரண்டு கட்டடங்கள்மேல் விழுந்தது. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 43 பேர். ஆனால் முதலில் காணாமல் போனவர்கள் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தன. பதிவேட்டில் பெயர் இல்லாமல், ஆவணம் இல்லாமல் அங்கே வாழ்ந்தவர்கள் இருந்ததால், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற சந்தேகம் நீண்ட காலம் தீரவில்லை. வாழ்வதற்கு அனுமதி இல்லாதவர் இறந்தால் எண்ணிக்கையிலும் இடம் இருக்காது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2006இல் ஒரு சிறப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதை 'ரோட்டர்டாம் சட்டம்' என்றே அழைத்தார்கள். குறிப்பிட்ட சில பகுதிகளில், அந்த வட்டாரத்தில் ஆறு ஆண்டுகள் வசிக்காதவர் வாடகைக்குக் குடிபோக வேண்டுமானால், உழைப்பு அல்லது ஓய்வூதியம் போன்ற வருமானம் காட்ட வேண்டும். அரசு உதவித்தொகையில் வாழ்பவருக்கு அனுமதி இல்லை. டார்வெவெய்க் என்ற பகுதியில் ஏற்கெனவே வசித்துவந்த, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய், அதே பகுதியில் வேறு வீட்டுக்கு மாற 2007இல் அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2017 நவம்பரில், உரிமை மீறல் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1927இல் ஏழையை ஒரு மதிலுக்குள் அனுப்பினார்கள். 2007இல் ஏழையை ஒரு பகுதிக்குள் விடாமல் தடுத்தார்கள். மதில் காகிதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதை எழுதும்போது எனக்கு உறுத்தல் இருக்கிறது. நானும் சமூகப்பணியாளர். படிவத்தோடு வீடு வீடாகப் போயிருக்கிறேன். 'வீட்டின் சுத்தம்: நன்று, சுமார், மோசம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். அந்த அக்கா எனக்காக அவசரமாகப் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்ததைக் கவனித்துவிட்டும் டிக் போட்டிருக்கிறேன். ஆஸ்டர்டோர்ப் மேற்பார்வையாளர் கெட்டவர் அல்ல. அவர் என்னைப் போன்றவர். அதனால்தான் அந்த வரலாற்றை நம் போன்றவர்கள் படிக்கவேண்டும். உதவி செய்யப் போகிறவர் தன் கையில் இருக்கும் தாளில் எத்தனை மதில்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

வீடு கொடுப்பவர் நல்லவராக இருப்பது போதாது. வீடு என்பது நல்லவர்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் பொருளாகவும் இருக்கக்கூடாது. குடிப்பவருக்கும் வீடு வேண்டும். வாடகை பாக்கி வைத்தவருக்கும் வீடு வேண்டும். சண்டைக்காரருக்கும், பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டும். தகுதி கேட்காமல் கிடைப்பதற்குத்தான் உரிமை என்று பெயர். தகுதி கேட்கத் தொடங்கிய நாளிலேயே எங்கோ ஒரு மதிலுக்குச் செங்கல் இறங்கிவிடுகிறது.